பதினோரு கிலோ

எங்களுக்கு மேடை என்று ஒன்று கிடையாது.
ஹமில்டன் பார்ட்டன் வீதியில் ஒரு பேக்கரி,
மாமூட்டைகளை ஒதுக்கினால் வருகிற மூலை,
மாதத்தில் இரண்டு வெள்ளி,
முப்பது கதிரை, ஒரு கோப்பி மெஷின்.
அது பாலை நுரைக்க வைக்கும்போதெல்லாம்
என் மாண்டலின் செத்துப்போகும்.
"பலமாய் வாசியன்" என்பாள் தர்மினி.
பலமாய் வாசித்தால் அது மாண்டலின் இல்லை,
தகரம்.

ஆகவே அம்ப்.

பெரிய கடையில்
நூற்றைம்பது வாட்டுக்கு முன்னால் இருத்தினார்கள்.
சுருதி சேர்க்கத்தான் தொட்டேன்,
அந்தத் தொங்கலில் ட்ரம்ஸ் பார்த்துக்கொண்டிருந்த பெடியன்
திரும்பிப் பார்த்தான்.
நல்ல சாமான். குறை சொல்ல ஏலாது.
இருபத்திரண்டு கிலோ.
நான் பஸ்ஸில் போகிறவன்,
இறங்கி, பனிச்சேற்றுக்குள் நாலு புளொக்.
விலையைக் கேட்டேன். பிறகு
கேட்காதவன் மாதிரி வெளியே வந்தேன்.

பற்றரியில் ஓடுகிற சின்னது ஒன்று,
பிஸ்கற் பேணி அளவு.
தந்தியைத் தொட வாத்து கத்தியது.
தர்மினி விழுந்து விழுந்து சிரித்தாள்,
அவளுடைய குரலை அதற்குள் விடும்வரைக்கும்.

மூன்றாவது, மலைக்கு மேலே,
ஒன்பதாம் மாடியில், பாவித்தது.
விற்கிறவன் டெரிக். என் வயதுதான் இருக்கும்.
அறுபது வாட்டு, இரண்டு வழி:
ஒன்றில் நான், மற்றதில் அவள் மைக்.
குமிழ் ஒவ்வொன்றின் ஓரத்திலும்
சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு.
ஏன் விற்கிறாய் என்றேன்.
காதைத் தொட்டுக் காட்டினான்.
உள்ளே ஒரு கீச்சு, இரண்டு வருஷமாய்,
நித்திரையிலும் நிற்பதில்லையாம்.
என்ன சுரம் என்று கேட்க வாயெடுத்தேன்.
தர்மினி என் காலை மிதித்தாள்.

"வாசித்துப் பாருங்கள்" என்றுவிட்டு
ஜக்கெற்றை மாட்டிக்கொண்டு பல்கனிக்குப் போய்
கண்ணாடிக் கதவை இழுத்து மூடினான்.
வெளியே மைனஸ் பதினாலு.

ஆபோகியில் கொஞ்சம் அலைந்தேன்.
அவள் மேலே ஏறிப் பாடினாள்.
நான் கீழே இறங்க, பெட்டி
ஊ என்று பிடித்துக்கொண்டது, விடவில்லை.
குமிழ்களைத் திருகித் திருகிப் பார்க்கிறேன்,
எது எதென்று தெரியவில்லை.
நிமிர்ந்தால்,
அவன் கையுறையைக் கழற்றி
உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்திருக்கிறான்.
மற்றக் கையால் காட்டினான்:
பேஸைக் குறை. இன்னும்.
இன்னும் கொஞ்சம்.
போதும்.

என் மாண்டலின் மரத்தால் செய்தது என்று
அப்போதுதான் அந்தப் பெட்டிக்குத் தெரிந்தது.

அவன் உள்ளே வந்த பிறகும்
உறைபனியில் ஐந்து விரல் உருகி நின்றன.
முந்நூறு என்றான்.
பேரம் பேச வழி முழுக்க ஒத்திகை பார்த்தவன்
எண்ணிக் கொடுத்தேன்.
லிஃப்ற்வரைக்கும் அவனே தூக்கி வந்தான்.
வைக்கும்போது சத்தம் வராமல் வைத்தான்.

வெள்ளிக்கிழமை.
அவன் பொட்டுகளின்படியே எல்லாக் குமிழையும் வைத்தேன்.
சரிவரவில்லை. அவன் எந்தக் கூடத்தில் வாசித்தானோ.
எங்களுடையது தாழ்ந்த கூரை, தகரத் தட்டுகள்,
ஈரக் கோட்டுகளோடு ஆட்கள்.
தர்மினியை இரண்டு வரி தனியே பாட விட்டுவிட்டு
எழுந்து போய்
பாண் அடுக்கிய கண்ணாடியில் கையை வைத்தேன்.
தேனீக்கூடு மாதிரி உள்ளே ஒன்று இரைந்தது.
திரும்பி வந்து பேஸைக் குறைத்தேன்,
மறுபடி போய் வைத்தேன்.
மெஷின் பாலை நுரைத்தது.
நுரைக்கட்டும். அதற்குக் கீழே
ஒவ்வொரு தந்தியும் தன்பாட்டில் கேட்டது.

கறுவாப் பணிஸ் வாங்க நின்ற மனுசி
என் கையைப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்தாள்,
"இப்பதான் துடைச்சவை" என்றாள்
தமிழில்.